வெளிநாட்டு பிஎச்.டி. முடித்து வந்ததும் பேராசிரியரா?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, லித்தியம் பேட்டரி ஆய்வகம் ஒன்றில் மூன்று வருடமாகத் திட்ட உதவியாளராக இருக்கிறேன். வயது 28. வெளிநாட்டில் நான்கு வருட உதவித்தொகையோடு பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது. என் பேராசிரியரோ, "என்னிடமே சேர்ந்துவிடு. ஐந்து வருடத்தில் துறையில் காலியிடம் வரும், அப்போது நீ கண்ணெதிரே இருப்பாய்" என்கிறார். வீட்டில், "வெளிநாட்டுப் பட்டம் இருந்தால் வந்ததும் பேராசிரியர்தான்" என்கிறார்கள். எனக்கு வேண்டியது சொந்த நாட்டில், கற்பித்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்யும் ஒரு நிரந்தர வேலை. போனால் இங்கே மறந்துவிடுவார்களா? முடிக்கும்போது 32, 33 ஆகிவிடும். தாமதமாகிவிடுமோ?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இருபது வருடத்துக்கு முன்னால் இதே இரண்டு குரல்கள் என் காதிலும் விழுந்தன. நான் போனேன், நாலரை வருடம் இருந்தேன், திரும்பி வந்தேன். வந்த பிறகு பதினான்கு மாதம் வேலை தேடி அலைந்தேன். இப்போது தேர்வுக் குழுக்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

உங்கள் பேராசிரியரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். மூன்று வருடம் பழகி, கருவியெல்லாம் கைக்குப் பிடிபட்ட ஆளை எந்தக் கைடும் (ஆய்வு நெறியாளரும்) லேசில் விடமாட்டார். ஆனால் ஐந்து வருடம் கழித்து வரப்போகும் காலியிடம் அவர் சட்டைப்பையில் இல்லை. அப்போது துறைத் தலைவர் யார், பணியிடத்துக்குப் பணம் ஒதுக்குவார்களா, விளம்பரத்தில் பேட்டரி என்று போடுவார்களா கணினி வேதியியல் என்று போடுவார்களா, இதெல்லாம் அவருக்கே தெரியாது.

கண்ணெதிரே இருப்பது எல்லா இடத்திலும் அனுகூலமும் கிடையாது. ஜெர்மனியில், தன்னிடமே வளர்ந்தவரைப் பேராசிரியராக எடுக்காமல் தவிர்ப்பது பல்கலைக்கழகங்களின் நெடுநாள் வழக்கம். அமெரிக்கத் துறைகளும் பொதுவாகத் தங்கள் மாணவரை உடனே எடுத்துக்கொள்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் திட்டத்தில் இடம் மாறுவதே நிபந்தனை: முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்தவரை அந்த நாட்டு இடத்துக்கு எடுக்கமாட்டார்கள். வேறு பல நாடுகளில் கதை நேர்மாறு. ஒரே துறையில் படித்து, அங்கேயே பட்டம் வாங்கி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெறுவார்கள். மெக்சிகோவின் பல்கலைக்கழக ஆசிரியர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. பட்டம் வாங்கிய இடத்திலேயே வேலைக்கு அமர்ந்தவர்கள், மற்றவர்களைவிடச் சராசரியாக 15 சதவீதம் குறைவாகக் கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். வெளியாட்களோடு தங்கள் ஆய்வைப் பற்றிப் பேசிக்கொள்வதும் அவர்களிடம் குறைவு. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கைடு கேட்காத கேள்வி மாணவருக்கும் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

இனி வீட்டுக் குரல். வெளிநாடு என்பது ஒரே இடம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் எங்கெங்கே முனைவர் பட்டம் வாங்கினார்கள் என்று 2022-இல் நேச்சர் இதழில் ஒரு கணக்கு வந்தது. உள்நாட்டில் பட்டம் பெற்றவர்களில் 80 சதவீதம் பேர், ஐந்தில் ஒரு பங்குப் பல்கலைக்கழகங்களிலிருந்தே வந்திருந்தார்கள். பெர்க்லி, ஹார்வர்டு, மிச்சிகன், விஸ்கான்சின், ஸ்டான்ஃபோர்டு ஆகிய ஐந்தும் சேர்ந்து அனுப்பிய ஆசிரியர்களின் எண்ணிக்கை, அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அனுப்பியதைவிட அதிகம். ஆக, எங்கே வேலை செய்யப் போகிறோமோ அந்தச் சந்தையில் எந்தப் பெயர் செல்லும் என்று பார்க்க வேண்டும். ஒரு நாட்டில் கதவைத் திறக்கும் பெயர் இன்னொரு நாட்டில் "அது எங்கே இருக்கிறது?" என்ற கேள்வியாகிவிடும். போதாக்குறைக்கு, சில நாடுகளில் வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச் சான்று வாங்கினால்தான் விண்ணப்பமே செல்லும். கிளம்புவதற்கு முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.

சரி, பட்டத்தின் பெயர் தேர்வுக் குழுவில் எவ்வளவு தூரம் ஓடும்? நேர்காணல் அறையின் வாசல்வரை. உள்ளே நடப்பது வேறு. ஒரு நாள் பிற்பகல், ஒன்பது கோப்புகள் மேசையில் இருந்தன. மூன்றாவதாக வந்தவர் உலகத்துக்கே தெரிந்த பல்கலைக்கழகத்துக்காரர். ஏழு கட்டுரைகள். ஏழிலும் கடைசிப் பெயர் கைடு; ஏழிலும் அளவீடு எடுத்தது ஒரே சிங்க்ரோட்ரானில், அதாவது வலுவான எக்ஸ்-கதிர் தரும் ராட்சதக் கருவியில். எங்கள் குழுவில் இருந்த வயதான பேராசிரியை மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கருவியில் நேரம் கிடைக்காமல் போனால் இங்கே முதல் வருடம் என்ன செய்வீர்கள்?" அவர் யோசித்துவிட்டு, "என் கைடிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்" என்றார். எங்கள் நான்கு பேர் பேனாவும் ஒரே நேரத்தில் மேசைக்கு இறங்கியது.

அவருக்கு அடுத்து வந்த பெண்ணும் வெளிநாட்டில் படித்தவர்தான், ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரை எங்களில் இருவர் கேள்விப்பட்டதே இல்லை. அவர் காயின் செல் ஒன்று, அதாவது நாணய அளவிலான சோதனை பேட்டரி, நாற்பது சார்ஜ் சுற்றில் செத்துப்போன கதையைச் சொன்னார். காற்றும் ஈரமும் புகாத கிளவ் பாக்ஸில் வைத்துத் திறந்து பார்த்ததையும், எலக்ட்ரோலைட்டில், அதாவது பேட்டரிக்குள் அயனி நகரும் திரவத்தில், ஈரம் இறங்கி லித்தியம் உப்பு சிதைந்து அமிலமாகியிருக்கும் என்று சந்தேகப்பட்டதையும், அந்தச் சந்தேகத்தைச் சோதிக்க விலை குறைந்த ஒரு முறையைத் தானே அமைத்துக்கொண்டதையும் கையை அசைத்து அசைத்து விவரித்தார். இடம் அவருக்குத்தான் போனது.

வெளிநாட்டில் செலவழிக்கும் நான்கு வருடம் ஒருவரை இந்த இருவரில் யாராகவும் ஆக்கலாம். எது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் கைடுதான். பெரிய குழு, பெரிய கருவி, பெரிய பெயர் உள்ள இடத்தில் பல மாணவர்கள் பெரிய இயந்திரத்தில் ஒரு பல்சக்கரமாக இருந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பட்டம் கிடைக்கிறது, கட்டுரை கிடைக்கிறது, சொந்தக் கேள்வி மட்டும் கிடைப்பதில்லை.

உங்கள் துறையிலேயே பாருங்களேன். லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019-இல் வேதியியல் நோபல் வாங்கிய மூவரின் பாதையும் மூன்று விதம். ஸ்டான்லி விட்டிங்ஹாம் இங்கிலாந்துக்காரர். ஆக்ஸ்ஃபோர்டில் 1968-இல் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, அதன்பிறகுதான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) ஆகப் போனார். ஜான் குட்இனஃப் அமெரிக்கர், பட்டம் சிகாகோவில். பேட்டரியின் நேர்முனைப் பொருளான லித்தியம் கோபால்ட் ஆக்சைடு வேலையை அவர் செய்தது, ஐம்பதைத் தாண்டிப் போய்ச் சேர்ந்த ஆக்ஸ்ஃபோர்டில். அதில் கூட இருந்தவர் ஜப்பானிலிருந்து வந்திருந்த கோயிச்சி மிஸுஷிமா. அகிரா யோஷினோ ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் ஆய்வகத்தில் எண்பதுகளில் அந்தப் பேட்டரிக்கு உருக்கொடுத்தவர். முனைவர் பட்டம் வாங்கியது 2005-இல், சொந்த நாட்டில், ஒசாகாவில். மூவரில் ஒருவர்கூட பிஎச்.டி.க்காக நாடு தாண்டவில்லை. நோபலை அளவுகோலாக வைப்பது அசட்டுத்தனம், தெரியும். ஆனால் இடப்பெயர்ச்சி பிஎச்.டி. நேரத்திலேயே நடந்தாக வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்த மூவரை ஞாபகப்படுத்துங்கள்.

குட்இனஃபைச் சொன்னதும் வயதுக் கேள்வி ஞாபகம் வருகிறது. போர் முடிந்து 1946-இல் அவர் சிகாகோவில் இயற்பியல் சேரப்போனபோது, இந்தத் துறையில் சாதித்தவர்கள் எல்லாம் உன் வயதுக்குள் சாதித்து முடித்துவிட்டார்கள், நீ இப்போதுதான் தொடங்குகிறாயா என்று அங்கிருந்த பேராசிரியர் ஒருவர் கேட்டதாக அவரே எழுதியிருக்கிறார். நோபல் வாங்கும்போது அவருக்கு 97. உங்களுக்கு 28. மூன்று வருட ஆய்வக அனுபவமும் இருக்கிறது. நிதி தரும் அமைப்புகள் பலவும் பிறந்த தேதியை விட்டுவிட்டு, பட்டம் வாங்கிய தேதியிலிருந்துதான் வருடத்தை எண்ணுகின்றன. பணி நியமனத்துக்கு வயது வரம்பு வைத்திருக்கும் நாடுகளும் உண்டு, உங்கள் நாட்டு விதியை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வயதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

வெளிநாடு எனக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால், முதலில் ஞாபகம் வருவது ஒரு குழுக் கூட்டம். போய்ச் சேர்ந்த மாதம். கைடு திரையில் ஒரு வரைபடம் போட்டார். முதல் வருட மாணவன் ஒருவன், நாற்காலியில் சாய்ந்தபடியே, "செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்கவில்லை, அதனால்தான் சரிவு பெரிதாகத் தெரிகிறது" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கைடு "அட ஆமாம்" என்று அங்கேயே திருத்திப் போட்டார். சரிவு பாதியாகக் குறைந்தது. அடுத்த படத்துக்குப் போனார்கள். எல்லா வெளிநாட்டு லேபும் இப்படி இல்லை. மாணவர் வாயைத் திறக்கவே அஞ்சும் இடங்களை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு வாய்த்தது இப்படி. "எனக்கு உடன்பாடில்லை" என்று நான் முதல்முறை சொல்ல எட்டு மாதம் ஆனது. அப்புறம் திரும்பி வந்து, புதிதாகச் சேர்ந்த இடத்தில் முதல் துறைக் கூட்டத்திலேயே அதைச் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் என் அறைப் பக்கம் யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

இரண்டாவது, மனிதர்கள். பக்கத்து மேசையில் செல் அடைத்துக்கொண்டிருந்தவர்கள் இன்று ஐந்து நாடுகளில் ஆய்வகம் நடத்துகிறார்கள். என் மாணவிக்கு ஓர் அளவீடு வேண்டுமென்றால் ஒரு மின்னஞ்சல் போதும். பரிந்துரைக் கடிதம் எழுத, கட்டுரையை மதிப்பிட, மாநாட்டில் பேச அழைக்க ஆள் இருக்கிறது. ஆனால் இதே வலைக்குள் ஒரு பொறியும் உண்டு. திரும்பி வந்தவர்களில் சிலர் பத்து வருடம் ஆனாலும் பழைய கைடோடுதான் கட்டுரை எழுதுவார்கள், அவர் தரும் சிறு வேலைகளைச் செய்துகொண்டே. ஆய்வகத்தின் பெயர்ப்பலகை மட்டும் சொந்தம், உள்ளே நடப்பது கிளை அலுவலகம். பதவி உயர்வுக் குழுவில் இது பளிச்சென்று தெரியும்.

மறந்துவிடுவார்களா என்று கேட்டீர்கள். மறப்பார்கள். நான்கு வருடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் யாரைத்தான் நினைவில் வைப்பார்கள்? நான் செய்த பெரிய தப்பு இதுதான். வெளிநாட்டில் இருந்தவரை சொந்த நாட்டு மாநாடு ஒன்றுக்கும் போகவில்லை, ஊர் வந்த விடுமுறைகளில் எந்தத் துறையிலும் பேசவில்லை, யாருக்கும் என் கட்டுரையை அனுப்பவில்லை. திரும்பியபோது எந்த நிறுவனத்தில் எந்த மாதம் விளம்பரம் வரும், எந்த நிதிக்கு யார் விண்ணப்பிக்கலாம், எந்தக் கருவி யாரிடம் இருக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பதினான்கு மாதத்தில் பாதி இதைத் தெரிந்துகொள்வதிலேயே போனது. என் கூடப் படித்து இங்கேயே பட்டம் வாங்கியவனுக்கு இதெல்லாம் மூச்சு விடுவதுபோலத் தெரிந்திருந்தது. உள்ளூர் பிஎச்.டி.யின் உண்மையான பலம் அதுதான், அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நீங்கள் போனால், வருடத்துக்கு ஒருமுறையாவது இங்கே ஒரு துறையில் கருத்தரங்கு கொடுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். இலவசமாகப் பேச வருகிறவரை யார் வேண்டாம் என்பார்கள்?

மொழியும் நழுவும். திரும்பி வந்து எடுத்த முதல் வகுப்பில் 'இண்டர்கலேஷன்' என்று பலகையில் எழுதி மூன்று சமன்பாடு போட்டுவிட்டுத் திரும்பினேன். முன்வரிசைப் பெண், "சார், அப்படின்னா என்ன நடக்குது?" என்றாள். நான்கரை வருடம் அதை அளந்தவன், தாய்மொழியில் ஒரு வாக்கியம் வரவில்லை. கடைசியில் சீட்டுக்கட்டு நடுவே ஒரு சீட்டைச் செருகுவதுபோல் லித்தியம் அயனி அடுக்குகளுக்கு இடையே நுழைகிறது என்று சமாளித்தேன். நீங்கள் கற்பிக்கவும் ஆசைப்படுகிறீர்கள். உங்கள் ஆய்வை வீட்டு மொழியில் அவ்வப்போது எழுதிப் பாருங்கள்.

கற்பித்தல் என்றதும் இன்னொன்று. நாட்டுக்கு நாடு பிஎச்.டி. வேறு வேறு சரக்கு. அமெரிக்காவில் ஐந்தாறு வருடம் பிடிக்கும். தொடக்கத்தில் பாட வகுப்பு, தகுதித் தேர்வு, அதோடு கீழ் வகுப்புகளுக்குக் கற்பிக்கும் வேலை. பிரிட்டனில் மூன்று, நான்கு வருடத்தில் முடிந்துவிடும். நேரே ஆய்வுக்குள் இறங்கிவிடுவார்கள், கடைசியில் மூடிய அறையில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. ஸ்வீடன், நெதர்லாந்து போன்ற இடங்களில் பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். டச்சு வைவா ஊரறிய நடக்கும். நேரம் முடிந்ததும் அங்கி போட்ட ஒருவர் உள்ளே வந்து கோலைத் தட்டி 'ஹோரா எஸ்ட்' என்பார், அதாவது நேரமாயிற்று. பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொள்ளலாம். நான் பார்த்த வைவாவில் அந்தப் பெண் அப்படித்தான் ஒரு கஷ்டமான கேள்வியிலிருந்து தப்பித்தாள். உங்களுடையது நான்கு வருட இடம். குறுகிய காலத் திட்டங்களில் கற்பித்தல் அனுபவம் தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். இங்கே கற்பிக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கஷ்டம்.

பணம். நான்கு வருடம் என்று கடிதத்தில் இருக்கிறதா, வருடாவருடம் புதுப்பிக்கப்படும் என்று இருக்கிறதா? ஐந்தாவது வருடத்துக்கு நீண்டால் யார் தருவார்கள்? பெரியவர்களையே பணம் பாதியில் திருப்பி அனுப்பியிருக்கிறது. பரோடா உதவித்தொகை முடிந்ததால் அம்பேத்கர் 1917-இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். மறுபடி போய் டி.எஸ்சி. முனைவர் பட்டம் வாங்கியது 1923-இல். அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் 1892 முதல் 1894 வரை பெர்லினில் படித்தார். நிதி கொடுத்தவர்கள் நீட்டிக்க மறுத்ததால் அங்கே முனைவர் பட்டம் வாங்க முடியாமல் திரும்பி, ஹார்வர்டில் 1895-இல் வாங்கினார். முடித்ததும் திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனை உதவித்தொகையில் இருக்கிறதா என்றும் படியுங்கள். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் போனால், முடித்தபின் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்த பிறகுதான் அமெரிக்காவின் வழக்கமான வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ பொதுவாகக் கேட்க முடியும். திரும்பத்தான் போகிறேன் என்கிற உங்களுக்கு இப்படிப்பட்ட விதி பாரமாக இருக்காது.

நடுவழியும் உண்டு. இங்கே பதிவு செய்துகொண்டு ஆறு மாதமோ ஒரு வருடமோ வெளிநாட்டு லேபில் வேலை செய்வது, இரண்டு பல்கலைக்கழகக் கைடுகளின் கீழ் கூட்டாகச் செய்வது, இங்கே முடித்துவிட்டுப் போஸ்ட்டாக் போவது. நான் இருந்த குழுக்களில் நல்ல இரண்டு வருடப் போஸ்ட்டாக், வெளிநாட்டு பிஎச்.டி.க்குக் குறைவாக மதிக்கப்பட்டதில்லை. ஆனாலும் உங்கள் விஷயத்தில், கையில் பணத்தோடு இடம் இருக்கிறது, மூன்று வருடமாக ஒரே ஆய்வகத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். இன்னும் ஐந்து வருடம் அதே கிளவ் பாக்ஸுக்குள் கையை விடுவதைவிடப் போய் வருவதே நல்லது என்றுதான் நான் சொல்வேன்.

ஒரே ஒரு நிபந்தனையோடு. ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதுவதற்கு முன், அந்தக் கைடிடம் கடைசியாக முடித்த நான்கைந்து மாணவர்கள் யார், எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களில் இருவருக்கு, ஒருவராவது பாதியில் விட்டுப் போனவராக இருந்தால் இன்னும் நல்லது, நேரே எழுதிக் கேளுங்கள்: உங்கள் ஆய்வுக் கேள்வியை யார் தேர்ந்தெடுத்தது? வெளியேறும்போது உங்கள் யோசனையை உங்களோடு எடுத்துப்போக விட்டாரா? மழுப்பலான பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம், அடுத்த வருடம் வேறு இடத்துக்கு விண்ணப்பியுங்கள்.

பதில் நல்லதாக வந்தால், உங்கள் பேராசிரியரிடம் வேறு யார் வாய்வழியாகவும் செய்தி போவதற்குள் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். மின்னஞ்சலில் வேண்டாம், அவர் அறைக்கே போங்கள். மூன்று வருட வேலையில் எழுதாமல் கிடக்கும் தரவு நிச்சயம் இருக்கும். அதை அவரோடு சேர்ந்து கட்டுரையாக்கிவிட்டுக் கிளம்புவதாகச் சொல்லுங்கள். முகம் கொஞ்சம் வாடும். இரண்டு வாரம் கழித்து அவரே "விசா என்னவாயிற்று?" என்று கேட்பார்.